தியாகம் என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், அக்கா

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். கோடு போட்ட பள்ளித் தாளில் நாலு பக்கம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 57. திருமணம் ஆகவில்லை. நான்கு பிள்ளைகளில் மூத்தவர். 1982-இல் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா இறந்தபோது இவர் பாரம் இரண்டு, அதாவது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதமே வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பிரட்டுக்கு (தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்விட்டார். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். பெரிய தம்பி இன்று பொறியாளர், சின்னத் தம்பி ஆசிரியர், தங்கச்சி சிங்கப்பூரில் தாதி. 1998-இல் தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மலிவு விலை வீடு, அம்மா பெயரில். முன்பணம் 2,500 வெள்ளி, அக்காவின் சங்கிலியை விற்ற காசு. பிறகு மாதம் 280 வெள்ளி, பத்து வருடம், அதுவும் அக்காவின் சம்பளத்திலிருந்து. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஒன்பது வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்.

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. உயில் இல்லை. பெரிய தம்பி வீட்டை 120,000 வெள்ளிக்குக் கேட்கும் ஆளைப் பிடித்துவிட்டார். “சட்டப்படி நாலு பங்குக்கா. நீ செஞ்சதுக்கெல்லாம் கடவுள் கொடுப்பாரு” என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்க வருகிறாராம். ‘இந்த வீடு பெரியவளுக்குத்தான் என்று அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னது செல்லாதா? 27 வருடம் குடியிருக்கிறேன், அதற்கு உரிமை இல்லையா? அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்குச் சம்பளம் கேட்டால் பாவமா?’ என்று கேட்டுவிட்டு, கடைசியில் இப்படி முடிக்கிறார்: ‘ரப்பர் மரத்தைக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம். என்னை நாற்பது வருடம் தினமும் வெட்டினார்கள். என் தியாகத்துக்குப் பலனே கிடையாதா?’

அக்கா, உங்கள் கடிதத்தில் ‘தியாகம்’ என்ற சொல் பதினொரு முறை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த வரையில், சட்டத்தின் முன்னாலும் சரி, சாப்பாட்டு மேசையிலும் சரி, உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிற சொல் அதுதான். தியாகம் என்றால் திரும்ப எதுவும் கேட்காமல் கொடுத்தது. அப்படிக் கொடுத்ததை யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை. உங்கள் தம்பி அந்தச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அதனால்தான் பில்லைக் கடவுளிடம் அனுப்புகிறார்.

இன்னொன்று. பதினாலு வயதில் பள்ளியை விட்டது நீங்கள் எடுத்த முடிவா? ‘மாமாவும் அம்மாவும் பேசினார்கள், மறுநாள் என் பள்ளி உடுப்பைத் தங்கச்சிக்கு என்று மடித்து வைத்துவிட்டார்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் வருமானம் நின்றபோது, அந்த வீடு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு அனுப்பியது. அதன் பலனை மற்ற மூன்று பிள்ளைகள் அனுபவித்தார்கள். இதைத் தியாகம் என்று சொன்னால் எல்லோருக்கும் மனம் லேசாகிவிடுகிறது. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் யாருக்கு என்ன பாக்கி என்று தெரியும். அதனால் இந்தப் பதில் முழுக்க நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தவணை, வேலை, வீடு என்றே பேசப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தாள்

அவசரமானதை முதலில் சொல்கிறேன். படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘அம்மாவின் சொத்துக்குப் பெரிய தம்பி நிர்வாகியாக இருக்க எனக்குச் சம்மதம்’ என்ற தாள் ஒன்று. ‘என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற தாள் வேறொன்று. இரண்டும் மலாய் மொழியில், ஒரே மாதிரி இருக்கும். ‘மெனோலாக்’ (மறுக்கிறேன்), ‘மெலெபாஸ்கான் ஹாக்’ (உரிமையை விட்டுவிடுகிறேன்) போன்ற சொற்கள் கண்ணில் பட்டால் பேனாவை மூடிவிடுங்கள். வெற்றுத் தாளில் ‘சும்மா இங்க மட்டும் போடுக்கா’ என்றால் அதற்கும் அதே பதில்தான். “வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன்” என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கொள்ளட்டும்.

வீட்டை அவ்வளவு சீக்கிரம் விற்றுவிடவும் முடியாது. வீடு இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது. முதலில் பூசாக்கா அலுவலகத்தில், அதாவது இறந்தவர் சொத்தைப் பங்கிடும் அரசாங்க அலுவலகத்தில், மனுப் போட வேண்டும். வாரிசுகள் எல்லோருக்கும் அழைப்பு வரும், விசாரணை நடக்கும், அதில் நீங்களும் உட்கார்ந்து பேசலாம். போதாக்குறைக்கு, மலிவு விலை வீட்டு கிராண்ட்டில் (உரிமைப் பத்திரத்தில்) பெரும்பாலும் மாநில அரசின் சம்மதம் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுதியிருக்கும். கிராண்ட்டின் நகலை எடுத்துப் பாருங்கள்.

நாலு பங்கு சரிதானா?

சரிதான். தம்பி சொன்னதில் பொய் இல்லை. 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவருக்குக் கணவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றால், சொத்து முழுவதும் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். மகன் என்று கூடுதல் கிடையாது, மகள் என்று குறைவும் கிடையாது. ‘ஆண்பிள்ளை கொள்ளி வைத்தான், அவனுக்குத்தான் முதல் உரிமை’ என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்ட பிள்ளை, பார்க்காத பிள்ளை என்ற பிரிவுக்கும் இடமில்லை. நாலு பிள்ளை என்றால் நாலு பங்கு. சட்டத்துக்கு உங்கள் வீட்டுக் கதை தெரியாது.

அம்மாவின் வாய்ச்சொல் உயிலாகச் செல்லாது. 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்கும்போது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 27 வருடக் குடியிருப்புக்கும் அதே நிலைதான். எத்தனை வருடம் குடியிருந்தாலும், அதனாலேயே பதிவு பெற்ற உரிமையாளரின் உரிமை போய்விடாது என்று தேசிய நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்த இரண்டையும் நம்பி எந்த வழக்கும் போடாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாதம் 280 வெள்ளி, 120 மாதம் என்றால் 33,600. முன்பணம் 2,500. ஆக 36,100 வெள்ளி. வீடு 120,000-க்குப் போனால் உங்கள் கால் பங்கு 30,000. நீங்கள் வீட்டுக்குக் கட்டிய காசைவிடக் குறைவு! தியாகம், நன்றி, கடவுள் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, இந்த மூன்று எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பெரிய தம்பி முன்னால் வையுங்கள். அவர் பொறியாளர், கூட்டல் கழித்தல் தெரிந்தவர்.

தவணைக் காசுக்கு உரிமை உண்டு

உங்கள் வழக்கில் வலுவான பகுதி இதுதான். நீங்களோ இதைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கிராண்ட்டில் யார் பெயர் இருந்தாலும், வீட்டின் விலையில் ஒருவர் காசு போட்டிருந்தால், அது அன்பளிப்பு என்று காட்டப்படாத வரையில், போட்ட அளவுக்கு அவருக்கும் அந்த வீட்டில் உரிமை உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. வாங்கும்போதே கொடுத்த முன்பணமும், கடன் எடுக்கும்போதே ‘தவணையைப் பெரியவள்தான் கட்டப் போகிறாள்’ என்று இருந்த பேச்சும் மிக முக்கியம். இடையில் கஷ்டம் வந்ததால் உதவிக்குக் கட்டினீர்கள் என்றால் வலு குறையும்.

அதனால் ஆதாரம் தேடுங்கள். பழைய வங்கிப் புத்தகம், தவணை ரசீது, சங்கிலி விற்ற கடைச் சீட்டு, தொழிற்சாலைச் சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் சரி. அம்மா சொன்ன சொல்லும் இங்கே உதவும். உயிலாகச் செல்லாத அதே வார்த்தை, ‘இந்த வீட்டுக்குக் காசு கட்டியது யார், யாருக்கு என்று நினைத்து வாங்கினார்கள்’ என்பதற்குச் சாட்சியமாகலாம். அந்தச் சொல்லை நம்பித்தான் வேலையை விட்டீர்கள் என்று காட்ட முடிந்தால் இன்னும் கனம் கூடும். அப்போது கூட இருந்து கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா? பெயரை எழுதி வையுங்கள்.

பெட்டியைக் கிளறும்போது இன்னொன்றும் பாருங்கள். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்ட மக்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அது உங்கள் ஊர்க்காரர் தொடங்கியது. உங்கள் பாட்டியோ அம்மாவோ வாங்கிய பத்திரம் புடவைக்கு அடியில் கிடந்தாலும் கிடக்கும். அப்படிக் கிடந்து நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டை அவசரமாக விற்க முயன்றால், உங்கள் உரிமையைக் காட்டி நில அலுவலகத்தில் தனியார் கவியாட் (கைமாற்றத் தடை) போடலாம். போட்டிருக்கும்வரை கைமாற்றம் பதிவாகாது. ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் போட்டால் நஷ்டஈடு கட்ட வேண்டி வரும். கோபத்தில் போடுகிற காரியம் இல்லை. வழக்கறிஞர் ஆதாரங்களைப் பார்த்த பிறகுதான் அந்த அடி.

அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்குச் சம்பளம்

கேட்பது பாவமில்லை. கிடைப்பதுதான் கஷ்டம். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 71-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு காரியம் செய்து, அதன் பலனை மற்றவர் அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும். படித்தால் உங்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். ஆனால் ‘இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல்’ என்ற இடத்தில்தான் கால் வழுக்குகிறது. உங்கள் கடிதத்திலேயே மூன்று இடத்தில் ‘எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை’ என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

தம்பிகளின் படிப்புக்குக் கொடுத்ததும் அப்படித்தான். கடன் என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்தக் கடனுக்கு 6 வருடம்தான் காலவரையறை. அது எப்போதோ முடிந்துவிட்டது.

ஆனால் அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஏற்கெனவே தனக்காகத் தானாக முன்வந்து ஒன்றைச் செய்தவருக்கு, ‘அதற்கு இதைத் தருகிறேன்’ என்று ஒருவர் பிறகு வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கு செல்லும். தம்பிகளும் தங்கச்சியும் இன்று மனம் வைத்து எழுதிக் கொடுத்தால் அது வெறும் மரியாதைச் சொல்லாக நின்றுவிடாது.

பலருக்குத் தெரியாத ஒரு சட்டம்

1971-ஆம் ஆண்டின் மரபுரிமை குடும்பப் பராமரிப்புச் சட்டம். இறந்தவர் சொத்திலிருந்து பராமரிப்புக் கேட்கக்கூடியவர்கள் என்று அது சொல்லும் பட்டியலில் ‘திருமணம் ஆகாத மகள்’ இருக்கிறார். வயது வரம்பு இல்லை. உயில் இல்லாத சொத்துக்கும் பொருந்தும். நாலில் ஒரு பங்கு உங்கள் பராமரிப்புக்கு நியாயமாகப் போதாது என்று உயர்நீதிமன்றத்தில் கேட்கலாம். வருமானம், நிலைமை, இறந்தவரிடம் நீங்கள் நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். அந்த ஒன்பது வருடத்துக்குச் சட்டம் காது கொடுக்கும் ஓர் இடம் இது.

கெடு உண்டு. இறந்தவர் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் ஆவணம் முதன்முதலில் வழங்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். அது பராமரிப்புதான், பரிசு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே ஒரு மலிவு விலை வீட்டை வைத்துக்கொண்டு உயர்நீதிமன்றம் வரை போனால், வீட்டில் பாதி வழக்குச் செலவுக்கே போய்விடலாம். என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தைப் பேச்சுவார்த்தையில் சொல்லுங்கள். கோர்ட்டுக்குக் கொண்டுபோவது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கா, பேச்சா?

பேசாமல் இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாலு பேர் பெயரிலும் வீடு பதிவானபின், மற்ற மூவரும் விற்றே ஆக வேண்டும் என்று நின்றால் நீதிமன்றம் போய் விற்பனைக்கு உத்தரவு கேட்கலாம். கால் பங்கை வைத்துக்கொண்டு என்றைக்கும் தடுத்துவிட முடியாது. அதனால் பூசாக்கா விசாரணைக்கு முன்னாலேயே பேசி முடிப்பது நல்லது. விசாரணையில் மற்றவர்கள் சம்மதித்துத் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்தால் அப்படியே உத்தரவாகும்.

என்ன கேட்கலாம்? முழு வீட்டையும் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், நீங்கள் கட்டிய 36,100 வெள்ளியை முதலில் கழித்துவிட்டு மீதியை நாலாகப் பிரிக்கச் சொல்லலாம். அப்படிச் செய்தால் உங்கள் கைக்கு 57,000-க்கு மேல் வரும். அதுவும் இல்லையா, நாலு பேர் பெயரில் இருக்கட்டும், உங்கள் காலம்வரை நீங்கள் குடியிருக்கலாம், அதுவரை விற்கக் கூடாது என்று வழக்கறிஞரை வைத்து எழுதிக்கொள்ளலாம். வாய்ப்பேச்சில் விட்டீர்கள் என்றால் அம்மாவின் வாய்ச்சொல் கதைதான் மறுபடியும். செலவுக்கு வழியில்லை என்றால் அரசாங்கச் சட்ட உதவித் துறைக்குப் போங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்குப் பூசாக்கா காரியங்களைச் செய்து தருவார்கள், குடும்பத்தை உட்கார வைத்துச் சமரசமும் பேசுவார்கள்.

பேசப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், நீங்கள் மனதாரக் கொடுத்தவை. வலப்பக்கம், திரும்பி வர வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்தவை. தங்கச்சி பட்டமளிப்புக்கு வாங்கிக் கொடுத்த சேலையைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறுகிறது. அது இடப்பக்கம். வீட்டுத் தவணை வலப்பக்கம் என்று நினைக்கிறேன், முடிவு உங்களுடையது. ‘நான் கணக்குப் பார்க்கிறவள் இல்லை’ என்று எழுதிவிட்டு, பத்து வருடத் தவணையைக் காசு சுத்தமாகச் சொல்கிறீர்கள். நீங்கள் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள், அக்கா. அதில் ஒரு தப்பும் இல்லை.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சட்டம் படித்தது, என் அக்கா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிய காசில். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர். சூரியன் உதிக்கிற மாதிரி அது ஒரு வழக்கம் என்று இருந்துவிட்டேன். நீங்கள் பள்ளியை விட்டபோது உங்கள் பெரிய தம்பிக்கு ஒன்பது வயது. நீங்கள் பள்ளிக்குப் போன காலம் அவருக்கு ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம். சொன்னால்தான் தெரியும். அழுது சொன்னால் ‘அக்கா எப்பவும் இப்படித்தான்’ என்று போய்விடும். தாளில் எழுதிச் சொல்லுங்கள்.

உங்கள் பெயரில் உள்ளவை

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் அம்மாவைத்தானே நியமனதாரராகப் போட்டிருப்பீர்கள்? அவர் இல்லாததால் அந்த நியமனம் இப்போது பயன்படாது. புதிதாகப் போடுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நியமனதாரர் வெறும் பொறுப்பாளர் இல்லை, அந்தக் காசு அவருக்கே சொந்தம். யாரை எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

உயிலும் எழுதுங்கள். நீங்கள் உயில் இல்லாமல் போனால், கணவன், பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாத நிலையில், உங்கள் கால் பங்கும் சேமிப்பும் உடன்பிறந்தவர்களுக்கே போகும். இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை மறுபடி அதே மூன்று பேருக்கு. உங்கள் விருப்பம் அதுதான் என்றால் சரி, இல்லையென்றால் எழுதிவிடுங்கள். பயனடையப்போகிறவர் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘சின்னவள் மட்டும் போன் பண்ணி, வீட்டை விற்க எனக்கு மனசில்லைக்கா என்று அழுதாள்.’ நாலு பேரில் இரண்டு பேர் இப்போதே ஒரு பக்கம் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவதற்குள் தங்கச்சிக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் எழுதிய தாளைப் படித்துக் காட்டுங்கள், தம்பி வரும் நேரத்தில் அவரையும் வீடியோ அழைப்பில் இருக்கச் சொல்லுங்கள்.